ஹட்டனில் கம்ப்யூட்டர், கொழும்பில் நாம்: எந்த வழியில் இணைப்பது?

வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறோம். கம்ப்யூட்டரும் அதிலுள்ள கோப்புகளும் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வீட்டில் கிடக்கின்றன. தூரத்திலிருந்து அதை இயக்கப் பல வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பதை வீட்டிலுள்ள இணைய இணைப்புதான் முதலில் தீர்மானிக்கிறது.

விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை (தூரத்திலிருந்து திரையைப் பார்த்து இயக்கும் வசதி) இயக்கி, அது பயன்படுத்தும் 3389 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, ரவுட்டரில் வெளியாருக்குத் திறந்துவிடுவது பழைய வழி. 4ஜி ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகளில் இது பெரும்பாலும் பலிக்காது. ஒரே பொது ஐபி முகவரியை (இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் எண்) பலர் பகிர்வதால், வெளியிலிருந்து வரும் இணைப்புக் கோரிக்கை நம் ரவுட்டரை வந்து சேராது. பைபர் இணைப்பில் பலித்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். திறந்திருக்கும் அந்தப் போர்ட்டைத் தேடி இணையம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2019இல் தெரியவந்த, ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வழியாகப் பழைய விண்டோஸுக்குள் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய முடிந்தது.

குரோம் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு கூகுள் கணக்கும் குறைந்தது 6 இலக்கப் பின் எண்ணும் போதும். 4ஜியிலும் வேலை செய்யும், இலவசம், விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் ஓடும். எனிடெஸ்க், டீம்வியூவரும் ஏறத்தாழ இப்படித்தான். ஆனால் இலவசமாகப் பாவிப்பவர் தொழிலுக்குப் பாவிக்கிறார் என்று டீம்வியூவர் சந்தேகித்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். தெரியாத ஒருவர் போனில் பேசி எனிடெஸ்க் எண்ணைக் கேட்டால் கொடுக்கவே கூடாது என்று வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். வங்கிக் கணக்கைச் சுரண்ட மோசடிக்காரர்கள் பிடிக்கும் வழி அது.

தினமும் மணிக்கணக்கில் வேலை செய்வதென்றால் என் தேர்வு டெயில்ஸ்கேல் என்ற செயலி. இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் இடையில் வயர்கார்ட் என்ற குறியாக்க முறையில் தனிப் பாதை போட்டு, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 100இல் தொடங்கும் ஒரு முகவரி தரும். அதன் மேல் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பை ஓட்டலாம். எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. நிறத்தையும் திரை அளவையும் குறைத்து, சிக்னல் பலவீனமான நாளிலும் சமாளிக்கலாம். வீட்டில் விண்டோஸ் புரோ இருக்க வேண்டும், ஹோம் பதிப்பு போதாது. டெயில்ஸ்கேலில் 'ரன் அனட்டெண்டட்' என்பதையும் இயக்கி வையுங்கள். இல்லையேல் மறுபடி ஸ்டார்ட் ஆன கம்ப்யூட்டரில் யாராவது லாகின் செய்யும் வரை டெயில்ஸ்கேல் இணையாது.

ஒன்று, தம்பிக்கோ தங்கைக்கோ தூரத்திலிருந்து பாடம் காட்ட விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் உதவாது. நாம் நுழைந்ததும் வீட்டுத் திரை பூட்டிக்கொள்ளும். அதற்கு குரோமோ எனிடெஸ்கோதான் சரி. இருவரும் ஒரே திரையைப் பார்க்கலாம்.

அப்புறம் கரண்ட். மின்சாரம் திரும்பியதும் கம்ப்யூட்டர் தானாக இயங்கும்படி பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) மாற்றி, ஸ்லீப்பையும் நிறுத்திவிடுங்கள். ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் அவசியம். ஏப்ரலிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும்போது வீட்டில் பிளக்கைக் கழற்றிவிடுவார்கள், கழற்றத்தான் வேண்டும். மழை விட்டதும் அதை மறுபடி செருகும்படி வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.