இரு கரைக் கதைகளுக்கும் ஒரே அடுக்கு: மார்த்தாண்டத்தில் ஒரு பழைய புத்தகக் கடை

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழல் விழும் வரிசையில், ரப்பர் ஷீட் வாங்கும் கடையை ஒட்டி இருக்கிறது இந்தப் பழைய புத்தகக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. பத்தாம் வகுப்பு கைடுகளும் மலையாள வார இதழ்களும் வாசலை அடைத்துக் கிடப்பதால் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே போங்கள். இடப்பக்கச் சுவரில் சிறுகதைகளுக்கென்றே ஓர் அடுக்கு உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற கடைகளில் தமிழ் ஒரு மூலையிலும் ஆங்கிலம் ஒரு மூலையிலும் கிடக்கும். இந்த அண்ணன் கதையின் பொருளைப் பார்த்து அடுக்குகிறார். வெள்ளைக்காரரும் நம்மவரும் நேருக்கு நேர் நிற்கும் கதைகள் எந்த மொழியில் இருந்தாலும் ஒரே வரிசைதான். ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பை எடுத்தபோது, "இதையும் சேர்த்து வாசியுங்கள் டீச்சர்" என்று பக்கத்திலிருந்த ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் கதைத் தொகுப்பை நீட்டினார். வாசித்தவர் சொல்லும் சொல் அது.

'அறம்' தொகுப்பிலுள்ள 'ஓலைச்சிலுவை' எங்கள் மண்ணின் கதை. அதில் வரும் ஆங்கிலேய டாக்டர் சாமர்வெல் 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கெடுத்தவர். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல்லாண்டு அறுவைச் சிகிச்சை செய்தவர். அந்த ஈரம் காயும் முன்பே, 1888இல் நூலாக வந்த கிப்ளிங் தொகுப்பின் 'லிஸ்பெத்' கதைக்குள் போனேன். நெஞ்சை அடைத்தது. மிஷன் வீட்டில் வளர்ந்த இமயமலைப் பெண் அவள். தான் காப்பாற்றிய ஆங்கிலேயன் திரும்பி வந்து மணப்பான் என்று காத்திருக்கிறாள். அவன் வரமாட்டான் என்று பாதிரியாரின் மனைவிக்குத் தெரியும். தெரிந்தும், வருவான் என்று நம்பவிடுகிறாள். உண்மை வெளிப்பட்டதும் லிஸ்பெத் தன் மக்களிடமே போய்விடுகிறாள்.

எனக்கு என் பாட்டி நினைவுக்கு வந்தார். நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல், தலைமுறைகள் கடந்து பாட்டியின் கைக்கும் வந்திருந்தது. திண்டில் குத்திய ஊசிகளுக்கு இடையே நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவார். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் திண்ணை வரை கேட்கும். தன் காலத்து வெள்ளைக்கார மதாம்மா அன்பானவர் என்பதையும், அவர் முன்னால் தான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்வார். நன்றியும் வடுவும் ஒரே ஆளிடம் இருக்கும். ஒரு கதையை மட்டும் வாசித்தால் அதில் ஒன்றுதான் கைக்குக் கிடைக்கிறது. இந்த அடுக்கு இரண்டையும் சேர்த்துத் தருகிறது.

அதே வரிசையில் ஆங்கிலேய எழுத்தாளர் லெனார்டு உல்ஃபும் கிடைத்தார். 1904 முதல் 1911 வரை இலங்கையில் அரசுப் பணியில் இருந்தவர்; 1921இல் வந்தது அவருடைய கீழைநாட்டுக் கதைத் தொகுப்பு. முத்துக்குளிப்பைப் பற்றிய கதையில் இரண்டு சாவுகள். ஒரு வெள்ளைக்காரன் குடி முற்றிப் பிதற்றிச் சாகிறான். ஓர் அரபு முத்துக்குளிப்பாளரைத் தோழர்கள் கண்ணியத்தோடு வழியனுப்புகிறார்கள். இங்கிலாந்து ஓட்டலில் உட்கார்ந்து கீழைநாடுகளை ஆளும் விதம் பற்றி அளந்துவிடுபவர்களிடம், ஓர் அதிகாரி இதைச் சொல்கிறார். ஆளும் கூட்டத்துக்குள்ளிருந்தே எழுந்த குரல் என்பதால் எனக்கு இது மிகப் பெரிய கதை.

குறைகள் உண்டு. ஒரே ஒரு டியூப் லைட். மாலையில் முதுகு எழுத்துகள் தெரியாது. தமிழ் நூல்கள் பாதி விலை என்றால், பழைய ஆங்கில நூல்களுக்கு அவர் வாய்க்கு வந்ததுதான் விலை. பூச்சி அரித்த பிரதிகளும் கலந்திருக்கின்றன, கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தே வாங்குங்கள். பெண்கள் எழுதிய கதைகள் இந்த அடுக்கில் மிகக் குறைவு. அவரிடமே சொன்னேன், தேடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் சனிக்கிழமை காலையில் வாருங்கள். கூட்டம் இருக்காது, அவரும் நின்று பேசுவார். ஞாயிறு கடை இல்லை.