தொங்கும் படியிலிருந்து தரையில் ஊன்றும் படிக்கு: டிரெய்லர் வாசலில் நான்கு ஆண்டுகள்

எங்கள் கேம்பிங் டிரெய்லரோடு (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) வந்த இரும்பு மடிப்புப் படியைக் கழற்றிவிட்டு, தரையில் கால் ஊன்றி நிற்கும் மூன்று மிதிகள் கொண்ட அலுமினியப் படியைப் பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மழை, மணல், சரிவான நிலம், உறைபனி என்று எல்லாவற்றிலும் அதைப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். வாங்கிய முதல் வாரத்தில் எழுதியிருந்தால் பாதி விஷயங்கள் எனக்கே தெரிந்திருக்காது.

பழைய படி ஏன் போனது என்பதை முதலில் சொல்ல வேண்டும். வாசலுக்குக் கீழே அடிச்சட்டத்தில் நான்கு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டு, கத்தரிபோல் மடிந்து உள்ளே போகும் அந்த வகைப் படி எங்கும் தரையைத் தொடுவதில்லை. கீழ்மிதியில் ஒருவர் கால் வைக்கும்போது அவருடைய முழு எடையும், சட்டத்திலிருந்து ஒன்றரை அடி வெளியே நீண்டு நிற்கும் நெம்புகோலின் நுனியில் விழுகிறது. அந்த நெம்புவிசையைத் தாங்குவன இணைப்புத் தண்டுகளின் ரிவெட்டுகளும், போல்ட்டுகள் பிடித்திருக்கும் மெல்லிய இரும்புத் தகடும்தான். ரிவெட் துளைகள் ஒவ்வொரு பருவத்திலும் சிறிது சிறிதாக நீள்வட்டமாகின்றன. மிதிபலகை முன்பக்கமாகச் சாய்கிறது. எங்கள் படியின் கீழ்மிதி ஐந்தாம் ஆண்டில் கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்கு வெளிப்புறம் சரிந்துவிட்டது. ஈரமான காலணியோடு இறங்கிய என் அம்மா வழுக்கி, கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியபடி தப்பித்தார். அன்று மாலையே டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். படியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் வெல்டிங் ஓரத்தில், பெயின்ட்டைப் பிளந்துகொண்டு மயிரிழை அகலத்தில் ஒரு துருக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. துடைத்தாலும் அது போகவில்லை. விரிசல் அது.

உடனே அதே அளவில் இன்னொரு படியை வாங்கிப் போட்டிருந்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல் ஒரு டேப்பை எடுத்து வாசலின் உயரத்தை அளந்ததுதான் இந்த முழு முயற்சியிலும் நான் எடுத்த சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். டிரெய்லரைச் சமதளத்தில் மட்டம் பிடித்து நிறுத்தியபோது, வாசலின் தரைமட்டம் நிலத்திலிருந்து 29 அங்குல உயரத்தில் இருந்தது. பழைய படியில் வாசலிலிருந்து முதல் மிதிக்கு 8 அங்குலம், அதிலிருந்து அடுத்த மிதிக்கு 8 அங்குலம். மீதமிருந்த 13 அங்குலத்தைக் கடைசி இறக்கத்தில் கடக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பெரிதும் பின்பற்றப்படும், வீடுகளுக்கான சர்வதேசக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு ஒரு படியின் உயரம் ஏழே முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரே படிக்கட்டில் உள்ள மிக உயரமான படிக்கும் மிகத் தாழ்வான படிக்கும் இடையிலான வேறுபாடு முக்கால் அங்குலத்தில் பாதியைக்கூட மீறக் கூடாது என்றும் சொல்கிறது. டிரெய்லருக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் அதன் காரணம் பொருந்தும்: முதல் இரண்டு படிகளின் அளவைக் கால் மனப்பாடம் செய்துகொள்கிறது, மூன்றாவதையும் அதே அளவில் எதிர்பார்த்து இறங்குகிறது. அம்மா வழுக்கியதற்கு ஈரம் மட்டுமே காரணமில்லை. இல்லாத இடத்தில் தரையைத் தேடிய காலும் ஒரு காரணம்.

ஆகவே படி வாங்க நினைப்பவர்கள் எந்த நிறுவனத்துப் படி என்று பார்ப்பதற்கு முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். வாசல் உயரத்தைப் படியின் மிதி இடைவெளியால் வகுத்து, கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். நான் தேர்ந்தெடுத்த படியில் இடைவெளி ஏழரை அங்குலம். மூன்று மிதிகளுக்கு இருபத்திரண்டரை போக, தரைக்கு ஆறரை அங்குலம் மிஞ்சியது. நான்கு மிதிகள் கொண்டதை வாங்கியிருந்தால் கடைசி மிதி நிலத்துக்குள் போயிருக்கும். அளக்கும்போது டயரில் சரியான காற்று இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியும் சாமான்களும் வழக்கமான பயணத்தில் இருக்கும் நிலையில் இருக்கட்டும். காலியான வண்டியின் வாசல் சற்று உயர்ந்தே நிற்கும்.

இடையில் ஒரு பருவம் முழுவதும், தனியாக எடுத்து வைக்கக்கூடிய அலுமினிய மேடைப்படி ஒன்றைப் பழைய படிக்குக் கீழே போட்டுச் சமாளித்தோம். கடைசி இறக்கத்தைக் குறைத்தது உண்மைதான். ஆனால் அது எதனோடும் பிணைக்கப்படாதது; புல்லில் நகர்ந்தது, சரளைக்கல்லில் ஆடியது. முதியவர் இருக்கும் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தரையூன்றும் படி வாசல் நிலையின் உள்பக்கத்தில் கீலோடு பொருத்தப்படுகிறது. பயணத்தின்போது அது மடிந்து, வாசலுக்குள்ளேயே செங்குத்தாக நிற்கும். அதன் மேல் கதவு மூடிக்கொள்ளும். வண்டியை நிறுத்தியதும் கதவைத் திறந்து வெளியே இறக்கிவிட்டால், இரண்டு கால்களும் நிலத்தில் ஊன்றுகின்றன. கால்களில் வரிசையான துளைகளும் பின்களும் இருப்பதால், ஒவ்வொரு காலையும் தனித்தனியே நீட்டிக் குறைத்துச் சரிவை ஈடுகட்டலாம். மிதிப்பவரின் எடை நேரே நிலத்துக்கு இறங்கிவிடுவதால், படியில் யாராவது ஏறும்போது வண்டி அந்தப் பக்கமாகச் சாயும் வழக்கம் அடியோடு நின்றுபோனது. உள்ளே தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த மாற்றம்தான் முதலில் தெரியும்.

பொருத்துவதற்கு அரைநாள் போதும் என்று நினைத்து இரண்டு நாள் செலவழித்தேன். வாசலோரப் பலகையில் திருகாணி இறங்கியபோது எந்த எதிர்ப்பும் இல்லை. ரொட்டிக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. கதவின் ரப்பர் விளிம்பு வழியாக ஆண்டுக்கணக்கில் கசிந்த நீர், பிளைவுட்டின் ஓரத்தை ஊறவைத்துவிட்டிருந்தது. உளுத்த பகுதியை வெட்டியெடுத்து, புதிய பிளைவுட் துண்டை எபாக்ஸியால் ஒட்டி, ஓரங்களை அடைத்து, அது இறுகிய பிறகே கீல்தட்டைப் பொருத்தினேன். ஆகவே படியை வாங்குவதற்கு முன் வாசலோரத் தரையை ஒரு திருப்புளியின் நுனியால் குத்திப் பாருங்கள். நுனி உள்ளே இறங்கினால் முதல் செலவு அங்கேதான். வாசலின் நிகர அகலம், மடித்த படியின் தடிமன், கொசுவலைக் கதவின் கைப்பிடி எவ்வளவு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது ஆகிய மூன்றையும் அதே நேரத்தில் அளந்துவிட வேண்டும். எனக்குக் கைப்பிடி இடித்ததால் கீல்தட்டை அரை அங்குலம் உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டியதாயிற்று.

குறைகளும் உண்டு. எங்கள் படி சுமார் 18 கிலோ எடை. தூக்கி உள்ளே மடக்குவதற்கு உதவும் வாயுத் தண்டு இருந்தும், அம்மாவால் தனியாக அதைச் செய்ய முடிவதில்லை. வழியில் ஐந்து நிமிடம் நிறுத்தி ஒரு பொருளை எடுக்க வேண்டுமென்றாலும் படியை முழுவதும் இறக்கித்தான் உள்ளே போக முடியும். பழைய படியில் இந்தத் தொல்லை இல்லை. சேற்றில் நின்ற கால்கள் மடிக்கும்போது வீட்டுக்குள் வருகின்றன. கதவருகில் ஒரு பழைய துணியையும் சிறு தூரிகையையும் நிரந்தரமாக வைத்திருக்கிறோம். அடிக்கடி இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு, நல்ல நிலையிலுள்ள தொங்குபடியும் அதன் கீழ்மிதிக்கு முட்டுக் கொடுக்கும் ஒரு திருகு ஜாக்கியும் இதைவிட வசதியாக இருக்கலாம். ஒரே இடத்தில் நாள்கணக்கில் தங்குபவர்களுக்கே தரையூன்றும் படியின் முழுப் பயனும் கிடைக்கிறது.

இரண்டாம் ஆண்டில் கடற்கரையோரம் தங்கியிருந்தபோது, இரவில் பெய்த மழையில் இடது கால் மட்டும் மணலுக்குள் இரண்டு அங்குலம் இறங்கி, காலையில் படி கோணலாக நின்றது. கீலின் பின் அழுத்தத்தில் சிக்கி, படியை மடக்கவே முடியவில்லை. எடையைத் தாங்கும் பரப்பு போதாததுதான் காரணம். அன்றிலிருந்து ஓரடிச் சதுரப் பலகை இரண்டை எப்போதும் கால்களுக்கடியில் வைக்கிறேன். இன்னொன்றையும் அப்போதுதான் கற்றேன்: முதலில் வண்டியை மட்டம் பிடித்து, மூலை ஜாக்கிகளை இறக்கி அசைவை நிறுத்திய பிறகே படியின் கால்களைச் சரிசெய்ய வேண்டும். முன்பே சரிசெய்துவிட்டால், ஆட்கள் உள்ளே ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி, வண்டியின் எடையில் ஒரு பகுதி படியின் கீல்மேல் உட்கார்ந்துகொள்கிறது.

பராமரிப்பு எளிது. கீல்களுக்கு கிரீஸ் தடவுவதை முதலாண்டிலேயே நிறுத்திவிட்டேன். மணல் அதில் ஒட்டி உப்புத்தாள்போல் தேய்த்தது. இப்போது காய்ந்து படியும் சிலிக்கான் ஸ்பிரே மட்டும்தான். அலுமினியச் சட்டத்தில் இறங்கும் எஃகு போல்ட்டுகளைச் சுற்றி வெண்ணிறப் பொடி படிவதை மூன்றாம் ஆண்டில் பார்த்தேன். இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும்போது அலுமினியம் அரிக்கப்படுவதன் அடையாளம் அது. கழற்றிச் சுத்தம் செய்து, நைலான் வாஷர் வைத்து, இறுகிப்பிடிப்பதைத் தடுக்கும் பசையைத் தடவி மீண்டும் முடுக்கினேன். அதன்பின் பொடி தென்படவில்லை. மிதிகளில் ஒட்டியிருந்த சொரசொரப்பான நாடா இரண்டு முறை மாற்றப்பட்டுவிட்டது. மிதியிலேயே புடைப்பாக அடித்த புள்ளிகள் உள்ள படி கிடைத்தால் நாடாவை நம்ப வேண்டியதில்லை.

கதவோரத்தில் மடங்கும் நீண்ட கைப்பிடியைச் சென்ற ஆண்டு சேர்த்தேன். அதைப் படியோடு சேர்த்தே பொருத்தியிருக்க வேண்டும். அம்மா இப்போது இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் தேநீர்க் கோப்பையோடு, கீழே பார்க்காமலேயே இறங்கி வருகிறார்.