தொலைந்த கைப்பேசியைக் காட்டும் வழிகள்: யார் கையில் எவ்வளவு அதிகாரம்?

ஆனித் தேரோட்டத்தின்போது நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளிலும், சாரல் பருவத்தில் குற்றால அருவிக்கரைகளிலும் கைப்பேசியைப் பறிகொடுப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அதனால் புதிய கைப்பேசி வாங்கும் குடும்பங்கள், அது தொலைந்தால் இருக்கும் இடத்தை அறியவும், தூரத்திலிருந்தே பூட்டவும், உள்ளே இருப்பதை அழிக்கவும் என்ன வழி என்று முதலிலேயே விசாரிக்கின்றன. வழிகள் பல இருக்கின்றன. ஆனால் நமக்குக் கிடைக்கும் அந்த அதிகாரம் வேறு யாருக்கெல்லாம் சேர்ந்தே கிடைக்கிறது என்பதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. எனவே ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் இங்கே அளக்கிறேன்: நம் இருப்பிடத்தை யார் பார்க்க முடியும், கைப்பேசியை யார் பூட்டவோ அழிக்கவோ முடியும், கொடுத்த அதிகாரத்தை நினைத்தபோது நம்மால் திரும்பப் பெற முடியுமா? மூன்றாவது கேள்விக்கே நான் அதிக எடை தருகிறேன்.

முதலில் கைப்பேசியுடனே வரும் இரண்டு வசதிகள். ஆண்ட்ராய்டில் கூகுள் 2013-இல் கொண்டுவந்த வசதி, பெயர்கள் மாறி, 2025 முதல் ஃபைண்ட் ஹப் என்று அழைக்கப்படுகிறது. ஐபோனில் இருப்பது ஆப்பிளின் ஃபைண்ட் மை. இரண்டிலும் உரிமையாளர் வேறொரு கருவியிலிருந்து தம் கணக்கில் நுழைந்து, கைப்பேசியை ஒலிக்கச் செய்யலாம், பூட்டலாம், முழுவதும் அழிக்கலாம். இணையத் தொடர்பு அற்றுப்போன கைப்பேசியைக்கூட, அருகே கடந்து செல்பவர்களின் கைப்பேசிகள் புளூடூத் வழியாக உணர்ந்து இருப்பிடத்தை அனுப்பும் ஏற்பாட்டை ஆப்பிள் 2019-இலும் கூகுள் 2024-இலும் தொடங்கின. அந்தத் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டே செல்வதால், எதைக் கண்டுபிடிக்க உதவினோம் என்பது உதவியவருக்கும் தெரியாது. இப்படி வந்த இருப்பிடத்தை அந்த நிறுவனங்களாலும் படிக்க முடியாது.

நெரிசல் மிகுந்த பெருநகரத்தில் இவ்விரண்டில் எது மேல் என்று பிரித்தறிவது கடினம். நெல்லைச் சீமையிலோ இரண்டும் எதிரெதிர்க் காரணங்களால் தடுமாறுகின்றன. ஆப்பிளின் ஏற்பாட்டுக்கு ஒரே ஓர் ஆப்பிள் கருவி அந்த வழியே சென்றாலும் போதும். ஆனால் திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிகளிலோ மாஞ்சோலை மலைப்பாதையிலோ ஐபோன் வைத்திருப்பவரைக் காண்பது அரிது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் ஊரெங்கும் இருக்கின்றன. ஆனால் கூகுள் இயல்பாகத் தந்திருக்கும் அமைப்பின்படி, ஒரு பொருளைப் பல கைப்பேசிகள் உணர்ந்து, அவற்றின் தகவல்கள் ஒன்றுசேர்ந்த பிறகே இருப்பிடம் உரிமையாளருக்குக் காட்டப்படும். ஒற்றை ஆள் நடமாட்டத்தை வைத்து அவரையோ அவர் வீட்டையோ அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு அது. அது தேவையானதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பனைகளுக்கு நடுவே ஒருவர் இருவரே நடமாடும் இடத்தில் அந்தப் பாதுகாப்பே தேடலை முடக்கிவிடுகிறது. எல்லா இடங்களிலும் வலையமைப்பைப் பயன்படுத்தும் தேர்வை அமைப்புகளுக்குள் சென்று இயக்கலாம். ஆனால் அதே தேர்வை இயக்கிய இன்னொருவர் அந்தப் பக்கம் வந்தால்தான் பயன் உண்டு. வீட்டு முகவரியைக் கூகுள் கணக்கில் சேமித்திருந்தால், அந்த வீட்டருகே இருக்கும்போது உங்கள் கைப்பேசி பிறருக்காகத் தகவல் அனுப்பாது என்ற காப்பும் இருப்பதால், கிராமத்தில் இருப்பவர்கள் அந்தத் தேர்வை இயக்கலாம் என்பதே என் கருத்து.

உண்மையான ஆபத்து மறையாக்கத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. வண்ணார்பேட்டையிலோ வள்ளியூரிலோ கைப்பேசி வாங்கும் ஒரு பெரியவருக்கு ஜிமெயில் கணக்கு இல்லையென்றால், விற்பவரே ஒன்றைத் தொடங்கி, கடவுச்சொல்லையும் தாமே வைத்து, கையில் கொடுத்தனுப்புவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் தன் பழைய கைப்பேசியைத் தன் கணக்குடனே அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. அந்த நொடியிலிருந்து அம்மாவின் இருப்பிடத்தைப் பார்க்கவும், அவருடைய கைப்பேசியை ஒரு சொடுக்கில் அழிக்கவும் வேறொருவருக்கு முடியும். மகன் விஷயத்தில் அது அக்கறையாக இருக்கலாம். கடைக்காரர் விஷயத்தில் வீட்டுச் சாவியின் பிரதியை அறிமுகமற்றவரிடம் விட்டு வந்ததற்குச் சமம். மேலும், ஆண்ட்ராய்டு 5.1 முதல், திரைப்பூட்டைத் திறக்காமலே அழிக்க உதவும் மீட்புத் திரை (ரெக்கவரி) வழியாகக் கைப்பேசியை அழித்தாலும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டே திறக்கும் என்பதால், கணக்கு பிறர் பெயரில் இருந்தால் வாங்கியவரே வெளியே நிற்க நேரிடும். ஆகவே இந்த வழி நம்பகமானது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: கணக்கு உங்களுடையதாகவும், கடவுச்சொல் உங்களுக்கு மட்டுமே தெரிந்ததாகவும், அந்தக் கணக்கில் நுழைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் நீங்கள் அறியாத கருவி எதுவும் இல்லாததாகவும் இருக்க வேண்டும்.

இதற்கு நேர் மாறான தன்மை கொண்டது தொலைந்த கைப்பேசிகளைத் தடை செய்ய மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் சிஇஐஆர் (CEIR) பதிவேடு. 2023 மே மாதம் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாக நாடு முழுவதும் பயன்பாட்டுக்கு வந்த இந்த ஏற்பாட்டில், காவல் நிலையப் புகாரின் நகலையும், கைப்பேசியின் தனி அடையாளமான ஐஎம்இஐ (IMEI) எண்ணையும் பதிந்தால், எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அந்தக் கைப்பேசி இந்திய வலையமைப்புகளில் வேலை செய்யாது. யாராவது அதில் சிம்மைப் போட்டால் அந்த விவரம் காவல்துறைக்குச் செல்லும். உரிமையாளருக்கு வரைபடத்தில் புள்ளி எதுவும் தெரியாது. இருப்பிடத்தை உடனே அறிய விரும்புபவருக்கு இது குறை. ஆனால் கணவன், மகன், கடைக்காரர் என்று யாரும் இதைக் கொண்டு ஒருவரைப் பின்தொடர முடியாது என்பது இதன் பெரிய நன்மை. கைப்பேசி கிடைத்துவிட்டால் தடையை நீக்கும் வழியும் உண்டு. *#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

அந்தப் பதிவேட்டையும் சஞ்சார் சாத்தி செயலியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. புதிய கைப்பேசிகள் அனைத்திலும் அச்செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் உற்பத்தியாளர்களுக்கு அரசு இட்ட உத்தரவு, கடும் எதிர்ப்புக்குப் பின் டிசம்பர் 3 அன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்று நான் நினைக்கிறேன். தடை செய்யும் வேலையை இணையதளத்திலேயே முடித்துவிடலாம் என்றிருக்கும்போது, அழைப்பு விவரங்களையும் குறுஞ்செய்திகளையும் அணுக அனுமதி கேட்கும் ஒரு செயலி எல்லோர் கைப்பேசியிலும் இருந்தாக வேண்டிய தேவை இல்லை.

குடும்பத்தினர் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் வழிகளில் தேர்வு எளிது. வாட்ஸ்அப்பின் நேரடி இருப்பிடப் பகிர்வு 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று முடிவு நேரத்தோடு வருகிறது, பகிர்பவரே எந்த நொடியிலும் நிறுத்தலாம். பாளையங்கோட்டையில் கல்லூரி முடித்து இரவுப் பேருந்தில் அம்பாசமுத்திரம் திரும்பும் பெண்ணுக்கு அதுவே போதும். கூகுள் வரைபடத்தில் நாமே நிறுத்தும்வரை நீளும் பகிர்வும் உண்டு. ஒருமுறை இயக்கி மறந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அதை இரண்டாவதாகவே வைப்பேன். சிறு பிள்ளைகளுக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது. அதில் தன்னைப் பெற்றோர் கவனிக்கிறார்கள் என்பது பிள்ளைக்கும் தெரியும்.

தெரியாமல் வேலை செய்வதையே சிறப்பாகச் சொல்லி விற்கப்படும் உளவுச் செயலிகளை எந்தக் காரணத்துக்காகவும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னணுத் தொடர்புகளையும் ஓர் ஆண் கண்காணிப்பது, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் குற்றம். மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்த கணவரின் வழக்கில், தம்பதியருக்கிடையிலும் அந்தரங்க உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ரகசியமாகப் பதிவான உரையாடலை மண வழக்குகளில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வேறொரு வழக்கில் கூறியிருப்பது உண்மைதான். ஆனால் அது சான்று பற்றிய முடிவே தவிர, உளவு பார்ப்பதற்கான அனுமதி அல்ல. தூரத்திலிருந்து திரையையே இயக்கவிடும் எனிடெஸ்க் போன்ற செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யார் நிறுவச் சொன்னாலும் மறுத்துவிட்டு, பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

கடைசியாக, நாம் தேர்ந்தெடுக்காமலே வந்து சேரும் பூட்டு ஒன்று இருக்கிறது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் உட்பட, மொத்தப் பணம் கொடுத்துக் கைப்பேசி வாங்க முடியாத பலர் தவணையில் வாங்குகிறார்கள். அப்படிக் கொடுக்கப்படும் கைப்பேசிகள் பலவற்றில், தவணை தவறினால் கடன் கொடுத்தவர் தூரத்திலிருந்து பூட்டும் செயலி, கருவியின் நிர்வாகி என்ற தகுதியோடு முதல் நாளே நிறுவப்படுகிறது. சாதாரணச் செயலியைப் போல அதை நீக்க முடியாது. சிலவற்றில் கைப்பேசியை முழுவதும் அழித்தாலும் அது திரும்ப வந்துவிடும். மேலே சொன்ன மூன்று கேள்விகளிலும் தோற்பது இந்த வழிதான். கூலி வங்கிக் கணக்கில் ஏறும் இன்றைய நிலையில், கைப்பேசி பூட்டப்படுவது அந்தப் பணத்துக்கான கதவையும் பிள்ளையின் பள்ளிச் செய்திகளையும் சேர்த்தே அடைப்பதாகும். டிஜிட்டல் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் கோப்புகளையும் அணுகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதித்தது. தவணைக் கைப்பேசிகளைப் பூட்டும் விஷயம் பரிசீலனையில் இருப்பதாக 2025 அக்டோபரில் அதன் ஆளுநர் தெரிவித்தார்.

தவணையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கையெழுத்திடும் முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: பூட்டும் செயலி உண்டா, அது இருப்பிடத்தையும் படங்களையும் எடுக்கிறதா, கடைசித் தவணை கட்டிய பின் எத்தனை நாளில் நீக்கப்படும்? கடன் முடிந்ததும், அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும் சாதன நிர்வாகிச் செயலிகளின் பட்டியலைத் திறந்து, அந்தப் பெயர் இன்னும் இருந்தால், நிலுவையில்லாச் சான்றுடன் சென்று நீக்கித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டே வர வேண்டும்.