நார்ச்சியில் பச்சைப் பூசணம்: இமசலிலா, சோடாவா, ஓம எண்ணெயா?

தென்னாப்பிரிக்காவில் தோல் எளிதாக உரியும் கமலா ஆரஞ்சுக்கு "நார்ச்சி" என்று பெயர். நம் நாரத்தைதான் இப்படி ஆனது என்று இங்குள்ள அகராதிகளே சொல்கின்றன. டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் மாமாவோடு பழக்கடை பார்க்கிறேன். குளிர்காலம் முழுக்க நார்ச்சிதான் எங்கள் பிழைப்பு. அதைக் கெடுப்பது பச்சைப் பூசணம்.

முதலில் தோலில் காசு அளவுக்கு ஈரக் கசிவு தெரியும். அழுத்தினால் விரல் உள்ளே போய்விடும். அப்புறம் வெள்ளைப் படலம், அதன் நடுவில் ஆலிவ் நிறத் தூள். பெட்டியைத் தூக்கி ஆட்டினால் பூசணத்தின் வித்தான அந்தத் தூள் புகை மாதிரி கிளம்பிக் கடை முழுக்கப் பரவும். பெனிசிலியம் டிஜிடேட்டம் என்ற இந்தப் பூஞ்சை காயமில்லாத தோலைத் துளைக்காது. நகக்கீறல், பக்கத்துப் பழத்தின் காம்பு குத்திய இடம் என்று ஏதாவது ஒரு வழி வேண்டும். அதன் தம்பி நீலப் பூசணம் இன்னும் மோசம். அழுகிய பழத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நல்ல பழத்துக்கும் தாவிவிடும்.

ஏற்றுமதிப் பண்ணைகள் நம்புவது இமசலில் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை. பழத்தைக் கரைசலில் முக்குவார்கள், அல்லது மெழுகில் கலந்து பூசுவார்கள். பூஞ்சையின் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலை அது உருவாக விடாது. பழத்தில் தங்கி, தூள் பிறப்பதையும் தடுக்கும். உலகில் ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளை மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடுகளில் இதுவும் ஒன்று. டர்பன் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வாரக்கணக்கில் கப்பலில் போகிற பழத்துக்கு இதுதான் முக்கியமான காவல். ஆனால் அது ஒரே இடத்தில்தான் அடிக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதையே பூசினால் அதற்குத் தப்பும் பூஞ்சை பெருகிவிடும். பல நாடுகளில் அப்படி ஆகியிருக்கிறது. முன்பு தையாபெண்டசோல் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லிக்கும் இதே கதி. பழத்தில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்பதிலும் ஐரோப்பா கெடுபிடி காட்டுகிறது. தோலோடு ஊறுகாய் போடுகிற நமக்கும் அந்தக் கவலை நியாயமானதே.

அடுத்தது சமையல் சோடா. லிட்டருக்கு முப்பது கிராம் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும். மலிவு, பயமில்லை. பழம் பறித்து ஒரு நாளைக்குள் செய்தால் காயத்தில் விழுந்த வித்துகள் முளைப்பதை நன்றாக அடக்கும். குறை என்னவென்றால், அது பழத்தில் தங்கிக் காப்பதில்லை. நாளைக்கு ஒரு புதுக்கீறல் விழுந்தால் கதை மறுபடி ஆரம்பம். தடித்த தோல் ஆரஞ்சில் வேலை செய்கிற அளவுக்கு நார்ச்சியில் செய்வதும் இல்லை.

சரி, எண்ணெய்க்கு வருவோம். எல்லோருக்கும் ஆசை இதன் மேல்தான், எனக்கும்தான். தைம் என்ற மூலிகையின் எண்ணெயில் இருக்கும் தைமால்தான் நம் ஓமத்திலும் இருக்கிறது. கிராம்பில் யூஜெனால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால். மூன்றுமே பூஞ்சையின் சவ்வைச் சிதைப்பவை. பல பொருள்கள் சேர்ந்து பல இடங்களில் அடிப்பதால் பூஞ்சை அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது. ஆய்வகத் தட்டில் பார்த்தால் பிரமாதம்.

ஆனால் பழம் ஆய்வகத் தட்டு இல்லை. போன குளிர்காலத்தில் வெந்நீரில் கிராம்பு எண்ணெய் விட்டு ஒரு பெட்டி நார்ச்சியை முக்கினேன். "இயற்கைதானே தம்பி, ஒன்றும் ஆகாது" என்று சொல்லித்தான் கடைக்காரம்மா விற்றார். எண்ணெய் தண்ணீரில் கரையவில்லை. மேலே படலமாக மிதந்து, பழம் வெளியே வரும்போது திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் ஒட்டிய இடமெல்லாம் பழுப்பாக உள்வாங்கிப் போயிருந்தது. எண்ணெய் தோல் செல்களையே பொசுக்கிவிட்டது. "பூசணம் வரவில்லைதான், ஆனா இதை யார் வாங்குவா?" என்றார் மாமா. யாரும் வாங்கவில்லை.

இன்னொன்று: ஆரஞ்சுத் தோல் எண்ணெயை வாங்கித் தெளிக்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் பெரும்பங்கு லிமோனீன். இந்தப் பூஞ்சை அந்த மணத்தோடு வாழப் பழகியது. காயத்திலிருந்து கசியும் தோல் எண்ணெயின் ஆவி அதன் வித்து முளைப்பதற்குத் தூண்டுதலாகவே இருக்கிறது. எல்லா எண்ணெயும் ஒன்றல்ல.

அப்படியானால் எண்ணெய் எங்கே உதவும்? மெழுகுக்குள். பிரிட்டோரியாவில் உள்ள ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே காட்டில் வளரும் லிப்பியா ஸ்காபெரிமா செடியின் எண்ணெயையும் புதினா வகை எண்ணெயையும் பழத்துக்குப் பூசும் மெழுகில் கலந்து சோதித்திருக்கிறார்கள். எண்ணெய் சட்டென்று ஆவியாகிவிடாமல் மெழுகு பிடித்துவைத்துக்கொள்ளும், தோலும் பொசுங்காது. எனக்கு நம்பிக்கை தருவது இந்த வழிதான். சின்னக் கடைக்கு ஆவி முறை பரவாயில்லை: மூடிய பெட்டியின் மூலையில் சில சொட்டு ஓம எண்ணெய் விட்ட பஞ்சு, பழத்தில் படாமல். எலுமிச்சைக்குச் செய்து பார்த்தேன், தோல் கெடவில்லை. நார்ச்சிக்குச் செய்தபோது உரிக்கிற கையிலெல்லாம் ஓம வாசனை. வாடிக்கையாளர் ஒருவர் திருப்பியே கொடுத்துவிட்டார்.

மரத்தில் வரும் கரும்புள்ளி நோய்க்கு எண்ணெயை நம்பவே வேண்டாம். அது வேறு பூஞ்சை; உதிர்ந்து மக்கும் இலைகளிலிருந்துதான் அதன் வித்து மழைக்காலத்தில் கிளம்புகிறது. சருகை அகற்றுவதும் செம்பு மருந்தை நேரத்துக்குத் தெளிப்பதும்தான் அங்கே வழி.

ஏற்றுமதிக்கு இன்றைக்கு இமசலில்தான், அதை மறுக்க மாட்டேன். எங்களைப் போல ஒரு வாரத்தில் விற்றுத் தீர்ப்பவர்களுக்கு முதலிடம் சோடாவுக்கு, எண்ணெய் அதற்குத் துணை. மூன்றுக்கும் முன்னால் மாமாவின் கத்தரிக்கோல். இப்போதெல்லாம் பெட்டி வந்ததும் அவர் முக்காலி போட்டு உட்கார்ந்து, நீட்டிக்கொண்டிருக்கும் காம்புகளைப் பழத்தோடு ஒட்ட நறுக்கிவிட்டுத்தான் தொட்டிப் பக்கம் தள்ளுகிறார்.