நெஞ்செரிச்சலுக்குச் சாய்வுத் தலையணை: வாங்கலாமா?

இரவில் படுத்த சற்று நேரத்திலேயே புளித்த நீர் தொண்டை வரை எதுக்களித்து வந்து தூக்கத்தைக் கெடுத்ததால், மருத்துவரின் யோசனைப்படி ஆப்பு வடிவச் சாய்வுத் தலையணை ஒன்றை வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். தலைமாட்டில் 7 அங்குல உயரத்தில் தொடங்கி இடுப்புவரை சரிந்து இறங்கும் கெட்டியான ஃபோம் துண்டு, அவ்வளவுதான்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் உள்ள சுருக்குத்தசை தளர்ந்தவர்களுக்கு, நிற்கும்போதும் உட்காரும்போதும் அமிலத்தைக் கீழேயே வைத்திருக்கும் புவியீர்ப்பு, படுத்தவுடன் துணைக்கு வருவதில்லை. இத்தலையணை மார்புப் பகுதி முழுவதையும் உயர்த்துவதால், மேலேறும் அமிலம் விரைவில் இறங்கிவிடுகிறது. ஆனால் அமிலம் சுரப்பதை இது குறைக்காது. இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு இதன்மீது சாய்ந்தால் எரிச்சல் எரிச்சலாகவே இருக்கும். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே உணவை முடித்த நாள்களில்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது. வீட்டிலுள்ள இலவம்பஞ்சுத் தலையணைகளை அடுக்கிக்கொள்ளலாமே என்றால், அப்போது தலையும் கழுத்தும் மட்டும் உயர்ந்து, உடல் நடுவில் மடிந்து, வயிறு அழுந்தி, தொல்லை கூடவே செய்யும்.

குறைகளும் உண்டு. உடன் வந்த வழுவழுப்பான உறையில் விடிவதற்குள் உடல் கால்மாட்டுக்குச் சரிந்துவிடுகிறது. பழைய பருத்தி வேட்டியைச் சுற்றிய பிறகே அது நின்றது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்ந்திருக்கும் என்பதால் அதுவே உகந்தது. எனினும் இந்தச் சரிவில் அப்படிப் படுத்தால் தோள்பட்டை வலிக்கிறது. புது ஃபோமின் வாடை போகச் சில நாள்கள் காற்றாட வைக்க வேண்டியிருந்தது.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, கறுத்த மலம் ஆகியவை இருந்தால் தலையணையை நம்பிக் காலம் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வியர்வையோடு கைக்கோ தாடைக்கோ பரவும் நெஞ்சுவலி என்றால் உடனே அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

தனிக்கட்டிலில் படுப்பவர்கள் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 முதல் 8 அங்குலத்துக்கு உறுதியான மரக்கட்டைகளை வைத்தாலே இதே பலன் குறைந்த செலவில் கிடைக்கும், சரிவதும் குறையும். இருவர் படுக்கும் கட்டிலுக்கும் அடிக்கடி வெளியூர் செல்பவர்களுக்கும் தலையணையே வசதி. வாங்கும்போது கையால் அழுத்திப் பார்த்து, எளிதில் அமுங்குவதைத் தவிர்த்துவிடுங்கள்.