பாம்ப்ளமூஸ் தோட்டம்: யாரோடு, எந்த மாதத்தில்?

மொரீஷியஸ் வரும் உறவினர்கள் கடற்கரைக்கு அடுத்தபடியாகக் கேட்பது பாம்ப்ளமூஸ் தாவரவியல் தோட்டத்தைத்தான். கேட்டவுடன் நான் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: ஊட்டி மலர்க் கண்காட்சியை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இது பூந்தோட்டம் இல்லை, மரத்தோட்டம். ரோஜாப் பாத்தி முன்னால் நின்று படம் எடுக்க வந்தவர்கள் அரைமணி நேரத்தில் "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிடுவார்கள். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அரை நாளும் போதாது.

நான் கும்பகோணத்துக்காரி. கல்யாணமாகி வந்தது மொரீஷியஸின் வக்வா ஊருக்கு. என் மாமியார் உட்பட வீட்டில் எல்லாரும் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவு மொழி. தமிழ் கோயிலில் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தமிழ் வகுப்பில் இருக்கிறது, அப்புறம் என் வாயில் இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தத் தோட்டத்துக்கு அழைத்துப் போவது என் வேலை. வெயிலில் போயிருக்கிறேன், குளிரில் போயிருக்கிறேன். கைக்குழந்தையோடும் போயிருக்கிறேன், முழங்கால் வலிக்காரர்களோடும் போயிருக்கிறேன். அதனால் யாரை எந்த மாதம் கூட்டிப் போகலாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

முதலில் மாதக் கணக்கு. நம் ஊர் வழக்கத்தைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெயிலும் மழையும், ஊடே புயல். மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம். குளிர் என்றால் ஒரு ஸ்வெட்டர் போட்டால் போய்விடும் குளிர்தான், அதுவும் நாங்கள் இருக்கும் மேட்டுப் பகுதியில். ஜூலையில் வக்வாவில் நாளெல்லாம் தூறிக்கொண்டே இருக்கும், துணி காயாது. அன்றைக்கே வடக்கே பாம்ப்ளமூஸில் பளிச்சென்று வெயில் அடிக்கும். தீவு சின்னதுதான், ஆனால் ஒரு பக்கத்து வானத்தைப் பார்த்து இன்னொரு பக்கத்துக்குத் திட்டம் போட முடியாது.

பெரியவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்தான். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. தோட்டம் 37 ஹெக்டேர் என்கிறார்கள், அதாவது 90 ஏக்கருக்கு மேல். சமதரைதான், ஏற்ற இறக்கம் கிடையாது. ஆனால் பிப்ரவரி வெயிலில் எழுபது வயதுக்காரரை அத்தனை தூரம் நடக்கவிடுவது பாவம். என் அம்மா வந்தது ஒரு ஜூலையில். மாமியாரும் "நானும் வருகிறேன்" என்று கிளம்பிவிட்டார். சம்பந்திகள் இருவருக்கும் பொதுமொழி கிடையாது. என் மகள் நடுவில் நடந்து இந்தப் பக்கம் தமிழிலும் அந்தப் பக்கம் கிரியோலிலும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அம்மா ரொம்ப நேரம் நின்றது தாளிப்பனை அடியில். இந்தத் தோட்டத்தில் 80-க்கும் மேற்பட்ட பனை வகைகள் இருக்கின்றன. அவற்றில் நம்மவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டியது இது. ஓலை ஒவ்வொன்றும் ஒரு ஆள் இரண்டு ஆளை மழையில் நனையாமல் நிறுத்திவைக்கும் அகலம். சுவடி எழுதப் பயன்பட்ட ஓலைகளில் இதுவும் ஒன்று. முப்பது வருடமோ எண்பது வருடமோ சும்மா வளர்ந்துகொண்டே போகும். பிறகு ஒரே ஒரு தடவை உச்சியில் ஆறேழு மீட்டர் உயரத்துக்குப் பூங்கொத்தை விடும். அதில் இலட்சக்கணக்கில் பூ. காய்த்துப் பழுத்து உதிர்ந்ததும் மரம் பட்டுப்போகும். வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும் அம்மா சட்டென்று, "மூங்கிலும் அப்படித்தான். மூங்கில் பூத்தா பஞ்சம் வரும்னு எங்க பாட்டி சொல்லும்" என்றாள். மகள் அதைக் கிரியோலில் சொல்ல, மாமியார் மரத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

வழிகாட்டி வேண்டுமா என்றால், முதல் தடவைக்குக் கட்டாயம் வேண்டும். உள்ளே நுழையும் முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோல் எல்லாம் நன்றாகப் பேசுவார்கள். தமிழில் சொல்லும் வழிகாட்டி எங்களுக்கு இதுவரை வாய்க்கவில்லை. அவர்களுடைய உண்மையான திறமை சரித்திரம் சொல்வதில் இல்லை, இலையைக் கசக்கிக் கொடுப்பதில். கீழே கிடக்கிற ஒரு இலையை எடுத்து, இரண்டாகக் கிழித்து, மூக்கருகே நீட்டி "என்ன சொல்லுங்கள்?" என்பார்கள். பட்டை, கிராம்பு, கற்பூரம் என்று அம்மா வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு இலையில் மட்டும் மாட்டிக்கொண்டாள். கிராம்பும் சாதிக்காயும் பட்டையும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. அங்கே மாமியார் முந்திக்கொண்டு "கத்ர எபிஸ்!" என்றார். ‘நான்கு மசாலா’ என்று அர்த்தம், ஆங்கிலத்தில் ஆல்ஸ்பைஸ். அவர் கறியில் போடும் இலைதான், மரமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்த வாசனை மரங்களுக்குப் பின்னால் ஒரு திருட்டுக்கதை உண்டு. சாதிக்காயும் கிராம்பும் இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து வெளியே போகாமல் டச்சுக்காரர்கள் காவல் காத்த காலம். இங்கே பிரெஞ்சு நிர்வாகியாக 1767-இல் வந்த பியர் புவாவ்ர் ஆளனுப்பி, 1770-இல் அந்தக் கன்றுகளை இந்தத் தீவுக்கு வரவழைத்துவிட்டார். அவர் கைக்கு வருவதற்கு முன் இந்த இடம் ஆளுநர் லாபூர்தொனேயின் காய்கறித் தோட்டம். 1730-களில் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி போனது இங்கிருந்துதான். பியர் புவாவ்ருக்குப் பிறகு தோட்டத்தை வளர்த்தவர் செரே. வெள்ளை இரும்பு வாசல் கதவைக் கொடுத்த லியனார் என்பவர் இந்தியாவில் பிறந்தவர். 1862 லண்டன் கண்காட்சியில் பரிசு வாங்கிய கதவு என்று ஒவ்வொரு வழிகாட்டியும் பெருமையாகச் சொல்வார். 1988-லிருந்து தோட்டத்துக்கு நாட்டின் முதல் பிரதமர் சர் சிவசாகர் ராம்கூலத்தின் பெயர். 1985-இல் மறைந்த அவருடைய சமாதியும் உள்ளேதான் இருக்கிறது. இந்திரா காந்தி, மண்டேலா நட்ட மரங்களும் உண்டு. தலைவர்கள் நட்ட மரங்களைத் தேடித் தேடிப் படமெடுப்பவர்கள் என் வீட்டிலும் இருக்கிறார்கள், நான் அந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன்.

சரி, பிள்ளைகளுக்கு? அவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி. காரணம் ஒன்றே ஒன்று: விக்டோரியா அல்லிக்குளம். எல்லாப் படங்களிலும் வருகிற அந்த நீளமான குளம்தான். 1927-இல் கொண்டுவந்து விட்ட அமேசான் செடி. குளிர்காலத்தில் இலை சிறுத்துவிடும், பார்த்துவிட்டு வந்த என் அம்மா "படத்துல பெருசா இருந்துச்சே" என்றாள். வெயில் காலத்தில் வந்து பாருங்கள், விளிம்பு நிமிர்ந்த தாம்பாளங்களைக் குளம் முழுக்கப் பரப்பிவைத்த மாதிரி இருக்கும். பெரிய இலை ஒன்றரை மீட்டர் அகலம் வரை வரும்.

இலையைப் பார்த்ததோடு நகர்ந்துவிடாமல், குளத்தோரம் குனிந்து புது இலையைத் தேடுங்கள். முள் உருண்டையாகத்தான் தண்ணீருக்கு மேலே வரும். மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடக்கும், வெளியே முழுக்க முள். மெல்லப் பிரிந்து விரியும்போது முள் எல்லாம் அடிப்பக்கம் போய்விடும். மேல்பக்கம் வழவழவென்று பச்சை. விளிம்பு மடங்கிய இடத்தில் அடிப்பக்கச் சிவப்பும் நரம்புகளும் தெரியும். பூவுக்கு இரண்டே நாள் ஆயுசு. முதல் நாள் மாலை வெள்ளையாக விரியும், மறுநாள் மாலை இளஞ்சிவப்பாகிவிடும், அப்புறம் தண்ணீருக்குள் போய்விடும். ஒரே குளத்தில் இரண்டு நிறப் பூ இருக்கிறதே, இரண்டு செடியா என்று கேட்ட என் பையனுக்கு இது ஒரே செடியின் நேற்றும் இன்றும் என்று புரியவைக்கச் சிறிது நேரம் ஆனது. நம் ஊர்த் தாமரைக்குத் தனிக் குளம் இருக்கிறது. அதையும் விட்டுவிடாதீர்கள், வெளிநாட்டுப் பயணிகள் அங்கே வேகமாகக் கடந்துபோவார்கள், நமக்கு இடம் கிடைக்கும்.

வெயில் காலத்தின் கஷ்டம் கொசு. தைப்பூசக் காவடி முடிந்த வாரம் போனோம், முந்தின நாள் நல்ல மழை. குளத்தோரம் பிள்ளைகள் காலைச் சொறிந்துகொண்டே நின்றார்கள். மருந்து தடவிக்கொண்டு போனால் போதும், பயப்பட வேண்டாம். 1860-களில் இந்தத் தீவையே உலுக்கிய மலேரியாக் காலத்தில், சதுப்பு நிலங்களில் நடுவதற்காக யூகலிப்டஸ் கன்றுகள் இந்தத் தோட்டத்தில்தான் வளர்க்கப்பட்டன. 1973-இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. புயல் எச்சரிக்கையை மட்டும் காலையில் ரேடியோவில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூன்றாம் எண் ஏறிவிட்டால் நாடே கதவைச் சாத்திக்கொள்ளும்.

ஆமைகளுக்கு மாதக் கணக்கு கிடையாது. எப்போது போனாலும் இருக்கும், எப்போது போனாலும் மெதுவாகத்தான் தின்னும். அல்தாப்ராத் தீவின் ராட்சத ஆமைகள் இவை. மொரீஷியஸின் சொந்த ராட்சத ஆமைகளை மனிதர்கள் எப்போதோ தின்றே தீர்த்துவிட்டார்கள். அல்தாப்ரா ஆமைக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று 1874-இல் டார்வின் உள்பட விஞ்ஞானிகள் பலர் மொரீஷியஸ் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் வேலியை விட்டு நகரமாட்டார்கள், நேரம் பார்த்துச் சொல்லவும்.

இடைப்பட்ட காலம் என்றால் நவம்பர் கடைசி, டிசம்பர். போகிற வழியெல்லாம் மயில்கொன்றை சிவப்பாகப் பூத்துக் கிடக்கும், லிச்சிப் பழம் குலை குலையாக விற்கும். தோட்டத்தைவிட அந்தப் பயணம் நன்றாயிருக்கும் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. குளிர்காலத்துக்கும் பிள்ளைகளுக்கான ஒன்று உண்டு: பாவோபாப் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். தடித்த அடிமரத்தை அப்போதுதான் முழுசாகப் பார்க்க முடியும்.

சுற்றுலா வண்டியில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் சித்தி மகளும் மாப்பிள்ளையும் தேனிலவு வந்தபோது சுற்றுலா நடத்தும் ஒருவர் தோட்டத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம்தான் கொடுத்தார். அல்லிக்குளம், ஆமை, வாசல் கதவு. பிறகு அதைவிட இரண்டு மடங்கு நேரம் ஒரு நகைக்கடையில். பேருந்திலேயே போகலாம். போர்ட் லூயியில் வடக்குப் பேருந்துகள் நிற்கும் இமிக்ரேஷன் ஸ்கொயரில் ஏறினால் பதினோரு கிலோமீட்டர்தான். கரும்புக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் தெரியவேண்டுமென்றால், பக்கத்தில் போ பிளானில் பழைய சர்க்கரை ஆலையையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் தோட்டம் காலையில், ஆலை மதியத்தில். மாற்றிப் போட்டால் மத்தியான வெயில் உங்கள் தலையில்.

தோட்டம் காலை எட்டரைக்குத் திறந்துவிடும், மாலை ஐந்தரை வரை இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டவர்களுக்கும் கட்டணம் வேறு, போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் நடக்கவே முடியாதவர்கள் இருந்தால் கியூர்ப்பிப் தோட்டத்துக்குப் போங்கள். சின்னது, எங்களுக்குப் பக்கம், உலகத்திலேயே தன் இனத்தில் மிஞ்சிய ஒரே ஒரு பனை அங்கேதான் வேலிக்குள் நிற்கிறது. குடை எடுத்துப் போங்கள், அங்கே தூறாத நாள் குறைவு. எங்கே போனாலும் ஞாயிறு மட்டும் வேண்டாம். பாதித் தீவு குடும்பத்தோடு அங்கேதான் இருக்கும்.