சதுசாக்கா, அயுத்தயாவா?

பாங்காக்கில் குடியிருப்பவர் வீட்டுக்கு நண்பர்கள் வந்தால், வார இறுதியில் எழும் கேள்வி இது.

சதுசாக் சந்தை சனி, ஞாயிறுகளில்தான் களைகட்டும். மோ சிட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். துணிமணி, பீங்கான், செடிகொடி எல்லாம் கிடைக்கும், பேரம் பேசலாம். ஆனால் மதியம் புழுக்கம் தாங்காது. கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவார்கள். உட்கார்ந்து பேசவே முடியாது.

அயுத்தயா வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். 14-ஆம் நூற்றாண்டில் எழுந்து, 1767-இல் பர்மியப் படையால் அழிந்த தலைநகரம். அங்கே வாட் மகாதாட் என்ற பழைய புத்தர் கோயிலில் மர வேர்கள் பின்னிப் பிடித்திருக்கும் புத்தர் முகத்தைப் பார்க்க வேண்டும். தரையோடு ஒட்டி இருப்பதால், மரியாதைக்காகக் குந்தி உட்கார்ந்துதான் படம் எடுக்க வேண்டும். அப்புறம் ரோட்டி சாய் மாய்: மெல்லிய ரொட்டியில் பஞ்சுமிட்டாய் இழைகளை நாமே வைத்துச் சுருட்டிச் சாப்பிடுவது. குழந்தைகள் விடவே மாட்டார்கள்.

என் ஓட்டு அயுத்தயாவுக்கே. சாதாரண ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்தால் பழைய கதைகளைப் பேசித் தீர்க்கலாம். சந்தையை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே நண்பர்களுக்கு விமானம் என்றால் மட்டும் சந்தை வேண்டாம்.